சவுரி உதிராது

ஆகஸ்ட் 4

வாலுக்கு,

பாட்டிலைச் சுற்றிய காகிதம் என்று நினைத்து இதைக் கசக்கிப் போட்டுவிடாதே. இது கடிதம். இரண்டு வருடமாக எண்ணெய் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். நீயும் வாங்கிக்கொண்டிருந்தாய். வந்து சேர்ந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. போன் செய்தால் அடித்து அடித்து ஓய்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று கொடி ஏற்றிவிடாதே. இது வியாபார விஷயம்.

நீ இருக்கும் ஊரில் ஒரு பெரிய கடை இருக்கிறதே, மாடிக்கு மாடி விளக்கெரியும் கடை, ஊருக்கு ஊர் கிளை வைத்திருப்பவர்கள். நம் எண்ணெயை எல்லாக் கிளைகளிலும் வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களுக்காகச் சரக்கு வாங்கும் அதிகாரியம்மா போன வாரம் நம் பட்டறைக்கே வந்தார். செம்பருத்தியும் கறிவேப்பிலையும் நிழலில் காயும் தட்டுகளைப் பார்த்தார். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும், அதனால் இங்கே வெயிலுக்கும் இடமில்லை, அவசரத்துக்கும் இடமில்லை என்று விளக்கினேன். அடுப்பருகே நின்று, இலையின் சடசடப்பு அடங்கும் வரை காத்திருந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கடைசியில் லேபிளில் இருக்கும் உன் பின்னல் மேல் விரலை வைத்து, "இது சவுரிதானே?" என்று கேட்டார்.

சவுரி. ஒட்டு முடி. முழங்காலைத் தொட்ட என் தங்கச்சியின் பின்னலைப் பார்த்துக் கேட்ட கேள்வி. எனக்குக் காது சூடாகிவிட்டது. "என் கூடப் பொறந்தவ. வேர்லேர்ந்து நுனி வரைக்கும் அவளோடதுதான்" என்றேன். அவர் என் மொட்டைத் தலையை ஒரு பார்வை பார்த்தார்.

"அக்டோபர்ல எங்க கடையில பொருட்காட்சி இருக்கு. அவங்களையே வந்து நிக்கச் சொல்லுங்க. பார்த்துட்டு முடிவு சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். வந்து நில். நீ எதுவும் பேசவேண்டியதுகூட இல்லை. திரும்பி நின்றால் போதும்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 15

உயர்திரு எண்ணெய்ப் பட்டறை முதலாளி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு வருடப் பாட்டில்களும் கிடைத்தன. நன்றி.

பேசவேண்டாம், திரும்பி நின்றால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் கொஞ்சமும் மாறவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

தங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் நினைவூட்டுகிறேன். மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒரு பெண், உதிர்ந்த முடியை ஒரு கவரில் சுருட்டிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்று அழுதாள். "பாட்டில் தீரப் போகுது, இன்னும் கொட்டுதே. லேபிள்ல உதிராதுன்னு போட்டிருக்கீங்களே" என்றாள். அவள் கண்ணீரைப் பார்த்து நான் சொன்னேன்: "இந்த சீசன்ல எனக்கும் உதிரும்மா. பயப்படாதீங்க, தானா நிக்கும்." அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது. வடிகட்டிக்கொண்டிருந்தவர்கள், பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி தாங்கள் என்ன சொன்னீர்கள்?

"நீ படம். படம் பேசக் கூடாது."

அந்தப் படம் மறுவாரமே இந்த ஊருக்கு வந்துவிட்டது. இங்கே ஒரு கேக் கடையின் பின்கட்டில் கிரீமில் பூ வைக்கிறேன். என் முடி தொப்பிக்குள் கிடக்கிறது. என் முதுகை இங்கே யாருக்கும் தெரியாது. என் கையைத்தான் தெரியும். கடை வாசலில் கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றடுக்குக் கேக் நான் செய்தது. போகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதிலிருக்கும் ரோஜாவைச் செய்தது நிஜக் கையா என்று எவரும் கேட்டதில்லை.

தங்கள் லேபிளில் என் முதுகு மட்டும் இருக்கிறது. வாங்குகிறவர்கள் எல்லோரும் என் பின்னந்தலையைப் பார்த்திருக்கிறார்கள். மூஞ்சியை எவரும் பார்த்ததில்லை. இந்த லட்சணத்தில் என்னை இன்னொரு தடவை திரும்பி நிற்கச் சொல்கிறீர்கள். முடியாது.

இப்படிக்கு,
தங்கள் லேபிள் படம்

பின்குறிப்பு: சவுரி என்று சொன்ன அந்த அம்மா கண்ணாடி போட்டவரா? எந்த மாடியில் உட்காருவார்? சும்மா கேட்டேன்.

*

ஆகஸ்ட் 24

வாலு,

"தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். வரி கேட்டு வரும் நோட்டீஸில்கூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. உன் கையெழுத்தில் அதைப் படித்ததும் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

கண்ணாடி போட்டவர்தான். இரண்டாவது மாடி. சும்மா சொன்னேன்.

அந்தப் பழைய பேச்சை நீ இன்னும் தூக்கிச் சுமக்கிறாய். இருக்கட்டும், அதைப் பற்றி இப்போது வேண்டாம். "உதிராது" என்ற சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது ஊரை ஏமாற்ற நான் உட்கார்ந்து யோசித்த சொல் இல்லை. நான் எழுதிக் கொடுத்தது முழு வாக்கியம்: "உதிர்ந்தாலும் முளைக்கும், வேரைப் பேணுங்கள்." அச்சகத்துக்காரர் உன் படத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பின்னல் லேபிளோட அடி வரைக்கும் வந்துடுச்சுங்க. பக்கத்துல ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருக்கு. பின்னலை நடுவுல வெட்டிடட்டுமா, வாக்கியத்தை வெட்டட்டுமா?" என்று கேட்டார்.

உன் பின்னலில் கத்தரி வைப்பதா? படத்தில்கூட எனக்கு மனம் வரவில்லை. வாக்கியத்தை வெட்டச் சொன்னேன். அவர் சுருக்கித் தந்த சொல் அது. அந்த லேபிள் ஒட்டியதிலிருந்து பாட்டில்கள் பறந்தன. பிறகு மாற்ற யாருக்குத் தைரியம் வரும், சொல்.

அதிகாரியம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீ வராவிட்டால் சவுரி என்பது உறுதியாகிவிடும். என்னைப் பொய்யன் என்றால் துடைத்துப் போட்டுவிடுவேன். உன் முடியைச் சொன்னது தாங்கவில்லை.

அண்ணன்

வாலு, அண்ணி எழுதறேன். அவர் பாட்டில் எடுக்கப் போன நேரம் பார்த்து எழுதறேன். உன் கடிதம் வந்ததுலேர்ந்து சாப்பிட உக்காந்தா "தாங்கள், தாங்கள்"னு முணுமுணுக்கறார். நேத்து குழம்புல உப்பே போடல, அதுகூடத் தெரியாம சாப்பிட்டுட்டு எழுந்து போனார். நீ வராட்டியும் பரவால்ல. அடுத்த கடிதத்துல "நீங்க"ன்னாவது எழுதிடு.

*

செப்டம்பர் 5

அண்ணனுக்கு,

அண்ணிக்காக "நீங்கள்" என்று எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை.

பின்னலை வெட்டாமல் வாக்கியத்தை வெட்டிய கதை எனக்கு இத்தனை நாள் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பித்தான் இருப்பேன். ஆனால் பஸ்ஸில் கொஞ்சம் குறைவாக அழுதிருப்பேன்.

நான் வர முடியாது என்றதற்கு வேறு காரணம் இருக்கிறது. போன கடிதத்தில் ரோஷத்தில் எழுதாமல் விட்டேன். அண்ணா, எனக்கு முடி கொட்டுகிறது. எப்போதும் உதிர்வதுபோல இல்லை. வெயில் முடிந்து முதல் மழை வந்ததும் ஆரம்பித்தது. குளித்தால் தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொண்டு கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. கையில் வந்ததைக் குளியலறைச் சுவரில் ஒட்டி ஒட்டி வைக்கிறேன், பிறகு பார்த்தால் சுவருக்கே முடி முளைத்த மாதிரி இருக்கிறது. தலையணையைத் தட்டவே பயமாக இருக்கிறது. வேலையில் ஒரு வலைத் தொப்பி போதாதென்று இரண்டு போடுகிறேன். கிரீமில் ஒரு முடி விழுந்துவிட்டால் என் பூவெல்லாம் போயிற்று. கையால் சம்பாதித்த பேரை முடி கெடுத்துவிடுமோ என்று ஒவ்வொரு கேக்கையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அன்று அந்தப் பெண்ணிடம் பயப்படாதீங்க என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். வருடா வருடம் வருவதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சீப்பில் வந்ததை உட்கார்ந்து எண்ணுகிறேன். இந்த வருடம் நின்றுவிடும் என்று யார் சொல்வது?

ஒரு நாள் வேலை முடிந்து அந்தப் பெரிய கடைக்குப் போனேன். இரண்டாவது மாடி வரைக்கும் ஏறிவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். "யாரைப் பார்த்து சவுரின்னு சொன்னீங்க" என்று கேட்பதற்காகத்தான் போனேன். கதவில் என் பின்னல் தெரிந்தது. நுனி எலி வால் மாதிரி இருந்தது. பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். நான் பேசாமல் வந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், உங்களுக்குத் தெரியும்.

இப்போது நான் வந்து திரும்பி நின்றால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நிஜமாகவே ஒரு சவுரி வாங்கி வைத்துக்கொண்டு நிற்கட்டுமா?

வாலு

*

செப்டம்பர் 11

வாலு,

சவுரி என்ற பேச்சை இன்னொரு முறை எடுத்தால் நானே பஸ் ஏறி வந்து முதுகில் இரண்டு வைப்பேன். நம் வீட்டு முடிக்கு ஒட்டுப் போட்டுத்தான் ஓர் எண்ணெய் விற்கவேண்டும் என்றால், அந்த எண்ணெயை நான் கதவுக் கீலுக்கு விட்டுக்கொள்கிறேன். பொருட்காட்சி கிடக்கட்டும். அவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிடுகிறேன். நீ போகவேண்டாம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எண்ணெய்க்காரனாக இல்லை, அண்ணனாகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் ஒரு தடவை உதிர்ந்த முடியைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அம்மா மெத்தையைத் தூக்கியபோது எலி செத்துக் கிடக்கிறது என்று அலறினாள். நீ தேம்பித் தேம்பி, "எனக்கு மொட்டை ஆயிடுமா?" என்று கேட்டாய். அதுவும் இதே மாதம்தான். அடுத்த வருடமும் கொட்டியது. அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு வருடமும் நீ புதிதாக அழுதாய், முடி பழையபடி வளர்ந்தது. வெயில் காலம் முழுக்கத் தலையில் இருந்த முடியில் ஒரு பங்கு வேலை முடித்து ஓய்வெடுக்கும், மழை வந்ததும் கழன்று விழும். அது விழுந்தால்தான் அந்த இடத்தில் அடுத்தது வரும். என் எண்ணெயோ வேறு எவன் எண்ணெயோ அதை நிறுத்த முடியாது. நுனி வறண்டு உடையாமல் காப்பாற்றலாம். அவ்வளவுதான் எண்ணெயின் வேலை.

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார். ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி இருந்தால் அது தன் காலம் முடிந்து தானாகக் கழன்றது. புள்ளி இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் உன் கை செய்த வேலை. நீ தொப்பிக்குள் இழுத்து இறுக்கிக் கட்டுகிறாய் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இறுக்காதே. தளர்வாகப் பின்னி உச்சியில் சுற்று. ஓவன் பக்கத்தில் நின்று வேர்த்த தலையோடு தூங்காதே, அலசு. ஈரத் தலையில் சீப்பு வைக்காதே. காய்ந்த பிறகு பல் அகன்ற மரச் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடு. வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து வாரத்துக்கு ஒரு முறை தடவு. எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் விரல் நுனியால் தேய், நகத்தால் பிறாண்டாதே. கீரை, பருப்பு, முட்டை சாப்பிடு. கேக் ஓரம் வெட்டியதைத் தின்றுவிட்டு சாப்பாடு ஆச்சு என்று சொல்லும் ஆள் நீ.

இத்தனையும் செய்து, குளிர் காலம் வந்தும் நிற்கவில்லை என்றாலோ, வட்ட வட்டமாகத் தோல் தெரிந்தாலோ டாக்டரிடம் போ. எண்ணெய்க்காரன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று நெற்றி ஓரத்தைப் பார். படியாமல் எழுந்து நிற்கும் குட்டி முடி தெரிகிறதா என்று எழுது.

உதிரும். முளைக்கும். பயப்படாதே.

அண்ணன்

இந்தப் பாட்டில் உனக்கென்று தனியாகக் காய்ச்சி இறக்கியது. லேபிள் ஒட்டவில்லை.

*

செப்டம்பர் 27

அண்ணா,

இன்று காலை ஜன்னலில் நின்று பார்த்தேன். நெற்றி ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டியாக எழுந்து நிற்கிறது. தண்ணீர் தொட்டு அமுக்கினால் படுத்துவிட்டு, கையை எடுத்ததும் எழுந்துகொள்கிறது. நம் குடும்பத்துப் பிடிவாதம் முடிக்கும் இருக்கிறது. கொட்டுவது முழுக்க நிற்கவில்லை, ஆனால் குளியலறைத் துளை அடைப்பதில்லை. கழன்றவற்றில் எல்லாம் அந்த வெள்ளைப் புள்ளி இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், பக்கத்து அறைக்காரி எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். "உதிரும். முளைக்கும். பயப்படாதே." தங்கச்சிக்கு எழுத இது வருகிறது. காசு கொடுத்து வாங்குகிறவளுக்கு மட்டும் ஏன் "உதிராது"? அன்று கவரோடு வந்து அழுதவளும் யாரோ ஒருவனுக்குத் தங்கச்சிதானே?

"போகவேண்டாம்" என்று நீங்கள் சொன்னதால் நான் போகிறேன். அதிகாரியம்மாவுக்கு நானே போன் செய்து வருகிறேன் என்று சொல்லியாயிற்று. இரண்டு நிபந்தனை. ஒன்று, நீங்கள் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. இருக்கும் தலையைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, நான் திரும்பி நிற்க மாட்டேன். நேராக நிற்பேன். கேட்டால் பதில் சொல்வேன். உதிருமா என்று கேட்டால் உதிரும் என்றுதான் சொல்வேன்.

வாலு

*

அக்டோபர் 3

வாலு,

போகாதே என்று சொன்னால் போவாய் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே அப்படிச் சொல்லியிருப்பேன்.

பேசு. வேண்டாம் என்று இப்போது சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும். அந்தச் சொல்லை நீ வாயால் சொல்லாமல் இருக்க முடியுமா? லேபிளில் உதிராது என்று போட்டு, பக்கத்தில் நிற்கும் நீ உதிரும் என்று சொன்னால் அவர்கள் பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய கடை, வாலு. இலை ஆய்கிறவர்கள், பாட்டில் கழுவுகிறவர்கள் எல்லோரும் இந்த ஆர்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கேட்டால் சிரித்துச் சமாளி. வெந்தயத்தைப் பற்றிப் பேசு, சீப்பைப் பற்றிப் பேசு.

இதை எழுதிவிட்டு அண்ணியிடம் காட்டினேன். "அவ வாயை அடைக்கிறதுக்கு இன்னொரு கடிதமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், அனுப்புகிறேன். நான் சொன்னதை நீ எப்போது கேட்டிருக்கிறாய்.

அண்ணன்

*

அக்டோபர் 19

அண்ணா,

தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் போனில் பேச முடியாது. எழுதுகிறேன். "நீங்கள்" போட இன்று பொறுமை இல்லை. நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்.

பெரிய கூடம். வரிசையாக மேஜைகள். என் பக்கத்து மேஜையில் ஒருத்தி சோப்பு விற்றாள். நான் தலையைத் தளரப் பின்னி, முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். நம் லேபிளைப் பெரிதாக்கிப் பின்னால் மாட்டியிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் பின்னல், பக்கத்தில் கொட்டை எழுத்தில் உன் சொல். வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி அதைப் பார்த்தார்கள். என் பின்னல் இப்போது அந்த அளவுக்குக் கனம் இல்லை. எனக்கே தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாதா.

அதிகாரியம்மா வந்தார். கூடவே நாலைந்து பேர். "நீங்கதானா அது?" என்றார்.

"நான்தாங்க. சந்தேகம் இருந்தா இழுத்துப் பாருங்க" என்று பின்னலை நீட்டினேன்.

அவர் தயங்கினார். நான் விடவில்லை. கடைசியில் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். நான் அசையவில்லை. அவர் கையை எடுத்தபோது விரலில் நீளமாக இரண்டு மூன்று முடி சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள். சோப்புக்காரி "ஐயோ" என்றாள். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி என் பின்னால் இருந்த சொல்லைப் படித்தார்.

"உதிராதுன்னு போட்டிருக்கே" என்றார்.

அந்த நிமிடம் உன் கடிதம் ஞாபகம் வந்தது. சிரித்துச் சமாளி, வெந்தயத்தைப் பேசு. சிரிப்பு வரவில்லை. நான் அந்த முடியை அவர் விரலிலிருந்து எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"இந்த முனையைப் பாருங்க. வெள்ளையா ஒரு புள்ளி தெரியுதா? வேர். வெட்டிக் கட்டின சவுரில இது இருக்காது. உசுரோட இருக்கிற தலைதான் இப்படி உதிரும். மழை வந்தா எனக்கு உதிரும், உங்களுக்கும் உதிரும். சவுரிதான் உதிராது. நீங்க அன்னைக்கு அந்தச் சொல்லைப் படிச்சுட்டு சவுரின்னு சொன்னது தப்பே இல்ல. என் அண்ணன் போட்டிருக்கிற சொல் சவுரிக்குத்தான் பொருந்தும். அவர் காய்ச்சற எண்ணெய்க்குப் பொருந்தாது."

பிறகு நெற்றியைக் காட்டினேன். "உதிர்ந்த இடத்துல வர்றது இது. சீப்புக்கு அடங்க மாட்டேங்குது."

உன் வியாபாரத்தை ஊர் நடுவில் போட்டு உடைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு கர்வமாக நான் என்றைக்கும் நின்றதில்லை. மூன்றடுக்குக் கேக்குக்குப் பக்கத்தில்கூட.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட வந்தவர்களை அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட்டு, கொண்டையில் இருந்த கிளிப்பை எடுத்தார். ரொம்ப மெல்லிய முடி. "எனக்கு இந்த மாசம் கொத்துக் கொத்தா வருது. யார்கிட்டயும் சொல்லல. நின்னுடுமா?" என்று கேட்டார். என்னை எலி வாலோடு மாடிப்படி இறங்க வைத்த அதே அம்மா. நீ எனக்கு எழுதியதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். ஈரத்தில் சீவாதே என்பதிலிருந்து டாக்டரிடம் போ என்பது வரைக்கும். இதற்குள் மேஜையைச் சுற்றிக் கூட்டம். ஒருத்தி பையிலிருந்து சீப்பையே எடுத்துக் காட்டினாள். எனக்கும் எனக்கும் என்று ஆளாளுக்கு. கடை சாத்தும் வரைக்கும் பேசினேன். படம் பேசியது அண்ணா. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

போகும்போது அதிகாரியம்மா சொன்னது இது, மாற்றாமல் எழுதுகிறேன்: "அந்த ஒரு சொல் இருந்தா எடுக்க மாட்டோம். அதை எடுத்துட்டு அனுப்பச் சொல்லுங்க, எல்லாக் கிளையிலயும் வைக்கறோம்."

இனி உன் பாடு. சோப்புக்காரி எடுத்த போட்டோ ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். அண்ணிக்கு. இரண்டு வருடமாக நீங்கள் தினமும் என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், மூஞ்சி மறந்திருக்கும்.

வாலு

*

நவம்பர் 2

வாலு,

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்து அண்ணி சத்தமாகப் படித்தாள். "சவுரிதான் உதிராது" என்ற இடம் வந்ததும் பாட்டில் கழுவுகிறவர் கைதட்டிவிட்டார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். இலை கருகுகிறதா என்று பார்க்கத்தான். புகை கொஞ்சம் கண்ணில் பட்டது.

மறுநாளே அச்சகத்துக்குப் போனேன், சோப்புக்காரி எடுத்த உன் போட்டோவோடு. அண்ணிக்கு அனுப்பியதை நீ ஏன் எடுத்தாய் என்று கேட்காதே, அவள்தான் என் கையில் திணித்தாள். படத்தில் நீ முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். இடுப்போடு படம் முடிந்துவிடுகிறது, பின்னலின் மீதி வெளியே போய்விட்டது. அதனால் அடியில் இடமோ இடம். "உதிர்ந்தாலும் முளைக்கும், வேரைப் பேணுங்கள்." முழு வாக்கியமும் உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே, ஈரத்தில் சீவாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நிற்காமல் கொட்டினால் மருத்துவரைப் பாருங்கள் என்று பொடி எழுத்தில் போடவும் இடம் மிஞ்சியது. இத்தனை வருடம் இடம் இல்லை இல்லை என்று நான் சொன்னது நீ முதுகைக் காட்டி நின்றதால்தான். நிற்கவைத்தவன் நான்தான், அதுவும் தெரியும்.

அச்சகத்துக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். "நெத்தியில சின்னச் சின்னதா முடி நிக்குதுங்க. அழகா படிய வெச்சுடறேன்" என்றார்.

"அதுல கை வைக்காதீங்க. அந்தக் குட்டி முடிக்காகத்தான் இந்த லேபிளே" என்றேன்.

சரி என்று தள்ளிவைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நீ யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது. கை பாதியில் நிற்கிறது, வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. நம் அம்மா இருந்தால் வாயை மூடுடி, ஈ போயிடும் என்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "இவங்க வாய் மூடியிருக்கிற மாதிரி வேற படம் இல்லீங்களா?"

"இல்லைங்க. இருந்தாலும் வேணாம். எனக்குப் பேசற படம்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அச்சு காய்ந்ததும் முதல் பாட்டில் உனக்கு வரும். இந்தத் தடவை லேபிளோடு.

படத்தின் அண்ணன்